கொழுப்பு மாத்திரை

கொழுப்பு என்கிற சொல் எங்கள் சேரிக்குள் ஆஸ்பத்திரி வழியாக வரவில்லை. ஊர்த்தெரு வழியாகத்தான் வந்தது. செருப்புப் போட்டு நடந்தவனுக்குக் கொழுப்பு. ஆண்டையைப் பார்த்தும் மடித்துக் கட்டின வேட்டியை அவிழ்த்து விடாதவனுக்குக் கொழுப்பு. சைக்கிளை விட்டு இறங்காமல் தெருவைத் தாண்டினவனுக்குக் கொழுப்பு. கூலியை எண்ணிப் பார்த்து வாங்கினவளுக்கு ரெட்டைக் கொழுப்பு. வெள்ளாற்றுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் இந்தச் சொல்லைக் கேட்காமல் வளர்ந்த எங்க ஆளுங்க யாரும் கிடையாது. கொழுப்பைக் குறைக்க என் தாத்தா காலத்தில் மருந்தும் இருந்தது. கீழத்தஞ்சையில் சவுக்கடியும் சாணிப்பாலும். எங்கள் பக்கம் புளிய விளாரும் அபராதமும்.

அதனால் 2019ஆம் வருசம் என் பெரியப்பாவை நெஞ்சு வலியோடு ஒரு ஆஸ்பத்திரியில் கொண்டு போய்ச் சேர்த்து, ஆள் பிழைத்து, நாலாம் நாள் டாக்டர் வந்து "உனக்கு ரத்தத்துல கொழுப்பு ரொம்ப அதிகம்" என்று சொன்னபோது, அவர் காதில் விழுந்தது வேறு. சேத்தியாத்தோப்பைச் சுற்றி நாப்பது வருசமாகக் கரும்பு வெட்டின மனுசன். ஒட்டின வயிறு. கையை மடக்கினால் எலும்பும் நரம்பும்தான். "எனக்கா? எங்கடா இருக்கு கொழுப்பு?" என்று என்னைப் பார்த்தார். டாக்டர் சீட்டைப் பார்த்தார். சீட்டில் விலாசம் இருந்தது. விலாசத்தில் காலனி என்று இருந்தது. "மாட்டுக்கறி தின்பீங்க இல்ல, அதான். உங்க ஆளுங்க அத நிறுத்தணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அடுத்த கட்டிலில் இருந்தவருக்கும் அதே வியாதி, அதே மாத்திரை. அவரிடம் நெய்யைக் கொஞ்சம் குறைத்துக் கொள்ளுங்கள் சார் என்றார். அந்த ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களில் பாதிப்பேருக்கு இப்படி ஒரு ஆஸ்பத்திரி தெரிந்திருக்கும்.

பெரியப்பாவுக்கு எழுதிக் கொடுத்தது அட்டோர்வாஸ்டாட்டின், 40 மில்லிகிராம், ராத்திரி ஒன்று. கூடவே ரத்தம் உறையாமல் இருக்க ரெண்டு மாத்திரை. அந்த வெள்ளை மாத்திரையைத்தான் எங்க வீட்டில் 'கொழுப்பு மாத்தர' என்று சொல்ல ஆரம்பித்தோம். அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். மருந்துக் கம்பெனிக்காரனும் டாக்டரும் எழுதுகிறார்கள், பத்திரிகைகளில் நலவாழ்வுப் பக்கம் போடுகிறார்கள். அதிலெல்லாம் அந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவன் காலையில் வாக்கிங் போகிறவனாக இருக்கிறான். கரும்புக் கட்டைத் தலையில் தூக்கி லாரியில் ஏற்றுகிறவனாக இருப்பதில்லை.

முதலில் அந்தக் கறிப் பேச்சை முடித்து விடலாம். தமிழில் எல்லாவற்றுக்கும் கொழுப்பு என்று ஒரே பெயர் வைத்துவிட்டோம். கறியில் வெள்ளையாகத் தெரிவதும் கொழுப்பு, திமிரும் கொழுப்பு, ரத்தத்தில் இருக்கிற கொலஸ்ட்ராலும் கொழுப்பு. கொலஸ்ட்ரால் ஒரு மெழுகு மாதிரிப் பொருள். உடம்பில் ஒவ்வொரு செல்லின் சுவருக்கும் அது வேண்டும், பித்தநீருக்கு வேண்டும், ஆண் பெண் சுரப்புகளுக்கு வேண்டும். அதில் பெரும்பங்கை நம்ம ஈரலும் மற்ற உறுப்புகளும் தானே செய்து கொள்கின்றன. சாப்பாட்டிலிருந்து நேரடியாக வருவது குறைவு. அய்யரானாலும் பறையரானாலும் ஈரல் இந்த வேலையை நிறுத்துவதில்லை. சைவம் சாப்பிடுகிறவருக்கும் மாரடைப்பு வருகிறது. ஈரலைக் கூடுதலாகக் கெட்ட கொலஸ்ட்ராலைத் தேக்க வைப்பது நிறைவுற்ற கொழுப்பு. நெய்யில் பாதிக்கு மேல் அதுதான். 2007லிருந்து ரேசன் கடையில் நமக்குக் கொடுக்கிற பாமாயிலில் ஐந்தில் ரெண்டு பங்கு அதுதான். மாட்டுக் கொழுப்பிலும் பாதிக்குப் பக்கம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. நல்ல சதைக்கறி வேறு இடத்துக்குப் போய்விட்டு, கொழுப்பும் குடலும் மலிவாக நம்ம தெருவுக்கு வருவதும் உண்மை. உப்புக்கண்டத்தில் இருக்கிற உப்பு ரத்த அழுத்தத்துக்கு ஆகாது என்பதும் உண்மை. இதையெல்லாம் ஒரு டாக்டர் உட்கார்ந்து சொன்னால் கேட்டுக் கொள்ளலாம். அவர் சொன்னது அதுவல்ல. 1948இல் அம்பேத்கர் 'தீண்டப்படாதவர்கள்' நூலில் மாட்டுக்கறிக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவைத் தேடிப் போனார். அந்த உறவு வெள்ளைக் கோட்டுப் போட்டுக் கொண்டு கட்டில் கட்டிலாக நடக்கிறது.

பெரியப்பா அந்த வார்த்தைக்காகவே மாத்திரையை ஒரு மாசம் தொடவில்லை. "கொழுப்பக் கொறைக்க நான் எதுக்குடா மாத்தர திங்கணும்? ஆண்டைங்க ஆவாதத மாத்தர பண்ணிடுமா?" என்பார். சிரித்துக் கொண்டேதான் சொல்லுவார். பெரியம்மாவுக்குச் சிரிப்பு வராது.

இந்த மாத்திரை எங்கே பிறந்தது என்று தெரிந்தபோது நானே ஆச்சரியப்பட்டேன். அரிசியில் பூத்த பூஞ்சையிலிருந்து வந்தது. ஜப்பானில் அகிட்டா என்கிற ஊர்ப்பக்கம் விவசாயக் குடும்பத்தில் 1933இல் பிறந்தவர் அகிரா எண்டோ. சங்க்யோ என்கிற மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தார். பூஞ்சைகள் தங்களைக் காப்பாற்றிக் கொள்ள எதிரிக் கிருமியின் கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கிற பொருளைச் சுரக்குமோ என்று ஒரு யோசனை. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பூஞ்சை, காளான்களைச் சோதித்தார். கடைசியில் கியோட்டோ நகரில் ஒரு அரிசிக் கடை அரிசியில் இருந்த நீலப்பச்சைப் பூஞ்சையில் 1973இல் கிடைத்தது முதல் ஸ்டாட்டின். ஈரல் கொலஸ்ட்ரால் செய்கிற பாதையில் ஒரு நொதி இருக்கிறது, மதகு மாதிரி. இந்தப் பொருள் அந்த மதகை அடைக்கிறது. உற்பத்தி குறைந்ததும் ஈரல் ரத்தத்தில் ஓடுகிற கெட்ட கொலஸ்ட்ராலை இழுத்துக் கொள்கிறது. அப்படி இழுக்கிற கைகள் ஈரல் செல்லில் உண்டு என்று கண்டுபிடித்த பிரௌனுக்கும் கோல்டுஸ்டீனுக்கும் 1985இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். எண்டோவுக்கு அது கிடைக்கவில்லை. 2024 ஜூனில் தொண்ணூறு வயதில் இறந்து போனார். பழைய சோத்துப் பானையிலும் நெல்லு மூட்டையிலும் பூஞ்சையைப் பார்த்தால் துடைத்துப் போட்டு விட்டு வேலையைப் பார்க்கிற ஜனங்க நாம. அதில் ஒருத்தன் மருந்து தேடியிருக்கிறான்.

மருந்து வேலை செய்யுமா என்று முதலில் தீர்த்துச் சொன்னது 1994இல் வெளிவந்த ஸ்காண்டிநேவிய ஆய்வு. இதய நோயாளிகள் 4,444 பேர். பாதிப்பேருக்கு சிம்வாஸ்டாட்டின், பாதிப்பேருக்கு வெறும் மாத்திரை. அஞ்சரை வருசம் போல் கவனித்ததில், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 256 பேர் செத்துப் போனார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 182 பேர். 74 உயிர். அதற்குப் பிறகு ஸ்டாட்டின் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு தடவை மாரடைப்பு வந்தவருக்குக் கேள்வியே இல்லை. இதை எதற்கு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இங்கிலீஷ் மருந்து எல்லாமே ஏகாதிபத்தியச் சதி என்று டீக்கடையில் பேசுகிற தோழர்கள் நம்மிடையேயும் உண்டு. கம்பெனிகள் கொள்ளை அடித்ததும் நிஜம், 2001இல் பேயர் கம்பெனி செரிவாஸ்டாட்டின் என்கிற ஸ்டாட்டினைத் தசை அழிந்து சிறுநீரகம் கெட்டு ஆட்கள் செத்த பிறகுதான் சந்தையிலிருந்து திரும்ப எடுத்துக் கொண்டது என்பதும் நிஜம். ஆனாலும் பெரியப்பா போன்றவருக்கு இந்த மாத்திரை வேண்டும்.

வேண்டும் என்பது ஒரு பக்கம். கிடைத்ததா என்பது இன்னொரு பக்கம். 17 நாடுகளில் நடத்திய ஒரு பெரிய ஆய்வு 2011இல் வந்தது. மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களில் பணக்கார நாடுகளில் நூற்றுக்கு 66 பேருக்கு மேல் ஸ்டாட்டின் சாப்பிட்டார்கள். இந்தியாவைச் சேர்த்திருந்த ஏழை நாடுகளில் நூற்றுக்கு மூன்று பேர் சொச்சம். இத்தனைக்கும் 1970ஆம் வருசத்து நம்ம காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராததால், 2005 வரைக்கும் உள்நாட்டுக் கம்பெனிகள் வேறு வழியில் இதே மருந்தைச் செய்து மலிவாக விற்க முடிந்தது. மருந்து இருந்தது. மருந்துக்கும் சேரிக்கும் நடுவில் ஊர்த்தெரு இருந்தது.

2006இல் என் தாய்மாமா செத்ததை இங்கே சொல்ல வேண்டும். நாப்பத்தேழு வயசு. ராத்திரி பதினோரு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்தார். வாய்வு என்றார்கள். எங்கள் பக்கம் நெஞ்சில் எது வலித்தாலும் வாய்வுதான். சோடா வாங்கிக் கொடுத்தார்கள், ஓமத் தண்ணி கொடுத்தார்கள். வேர்த்துக் கொட்டினபோதுதான் பயம் வந்தது. ஊர்த்தெருவில் ரெண்டு கார் இருந்தது. ஒன்றுக்கு டிரைவர் இல்லை என்றார்கள், இன்னொன்றின் கதவே திறக்கவில்லை. டிராக்டரில் படுக்க வைத்துக் கொண்டு சிதம்பரம் பக்கம் போனோம். புவனகிரி தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. 108 வண்டி தமிழ்நாட்டுக்கு வந்தது 2008இல். தெற்காசிய ஆட்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது, மற்ற நாட்டவருக்கு 59 வாக்கில் வருகிறது என்று 2007இல் ஒரு ஆய்வு சொன்னது. மாமா அந்த 53ஐயும் பார்க்கவில்லை.

இப்போது துணை சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கு முதல் மருந்து இருக்கிறது. 2023இல் தமிழ்நாடு அரசு 'இதயம் காப்போம்' என்று ஒரு திட்டம் கொண்டு வந்தது. நெஞ்சு வலி மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் அங்கேயே பதினாலு மாத்திரை கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். ஆஸ்பிரின் ரெண்டு, குளோபிடோகிரல் நாலு, அட்டோர்வாஸ்டாட்டின் பத்து மில்லிகிராமில் எட்டு. பதினாலில் எட்டு கொழுப்பு மாத்திரை! ரத்தக் குழாயில் கிழிந்த படிவை நிலைப்படுத்துவதற்காக அதை முதலிலேயே அதிக அளவில் கொடுக்கிறார்கள். இது நம்ம தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். துணை நிலையம் ஊர்த்தெருவில் இருக்கிற கிராமங்களில், ராத்திரியில் யார் போய்க் கதவைத் தட்டுவார்கள் என்றும் கேளுங்கள்.

பெரியப்பா கதைக்கு வருகிறேன். பெரியம்மா அழுது, நான் சண்டை போட்டு, மாத்திரை சாப்பிட ஆரம்பித்தார். நாலு மாசம் ஒழுங்காகச் சாப்பிட்டார். அப்போது கரும்பு சீசன். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்துவிட்டது. மாரடைப்பு வந்த ஆள் கரும்பு வெட்டலாமா என்று படித்தவர்கள் கேட்பீர்கள். வேறென்ன செய்வார்? லேசான வேலை பாருங்கள் என்று சீட்டில் எழுதியிருந்தது. சேத்தியாத்தோப்பில் லேசான வேலை என்று எங்க ஆளுங்களுக்கு ஒன்று இருந்தால் சொல்லுங்கள். முன் பணம் வாங்கியாகிவிட்டது. போனார். ரெண்டு வாரத்தில் தொடையிலும் தோள்பட்டையிலும் வலி. படுத்தால் எழுந்திருக்க முடியாத வலி. டீக்கடையில் ஒருத்தர் "அது கொழுப்பு மாத்தர பண்ற வேல, சதையக் கரைச்சிடும்" என்று சொல்லிவிட்டார். அன்றோடு மாத்திரை நின்றது.

டீக்கடைக்காரர் முழுப்பொய் சொல்லவில்லை. ஸ்டாட்டின் சிலருக்குத் தசைவலி தரும். மிக அபூர்வமாகத் தசையையே அழிக்கும், அப்போது மூத்திரம் கோலா நிறத்தில் போகும், அது உடனே ஓட வேண்டிய ஆபத்து. வயசானவர்கள், உடம்பு மெலிந்தவர்கள், தைராய்டு குறைந்தவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், அதிகம் குடிக்கிறவர்கள், இவர்களுக்கு வாய்ப்புக் கூடுதல். சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றும் என்பதும் தெரிந்த விசயம்தான். ஆனால் தசைவலிக் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 2022இல் 19 ஆய்வுகளைச் சேர்த்து, 1,23,940 பேரின் கணக்கைப் பார்த்தார்கள். ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 27.1 பேருக்கு வலி. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 26.6 பேருக்கு வலி. முதல் வருசத்தில் வலி என்று சொன்ன பதினஞ்சு பேரில் ஒருவருக்குத்தான் மருந்து காரணம். அதற்கு முன்பு 2020இல் லண்டனில், வலி தாங்காமல் ஸ்டாட்டினை விட்ட 60 பேரை வைத்துச் சோதித்தார்கள். மாசத்துக்கு ஒரு டப்பா. சிலதில் மருந்து, சிலதில் வெறும் மாத்திரை, சிலது காலி. மருந்து மாசத்தில் இருந்த தொந்தரவில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் மாத்திரை மாசத்திலும் இருந்தது.

இதைப் படித்துவிட்டு டாக்டர்கள் "எல்லாம் உன் மனசுல இருக்கு" என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். எனக்கு அங்கேதான் கோபம். வெறும் மாத்திரையிலும் வலித்தது என்றால், வலி பொய் என்று அர்த்தமா? வலி இருந்தது, காரணம் மாத்திரை இல்லை, அவ்வளவுதான். அந்தக் காரணம் என்ன என்று யார் கேட்பது? கூலிக்காரனுடைய உடம்பு வலிக்கு நம்ம சமூகத்தில் எப்போதும் ரெண்டே பதில். ஒன்று, நடிக்கிறான். இன்னொன்று, அதுங்களுக்குப் பழக்கம்தான்.

எங்கள் தெருவில் நர்சிங் படித்த தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். அவள்தான் வந்து திண்ணையில் உட்கார்ந்து கேட்டாள். "பெரியப்பா, ரெண்டு பக்கமும் வலிக்குதா? தொடையிலயா, முட்டியிலயா? மாத்தர ஆரம்பிச்ச ஒடனேயா, வெட்டுக்குப் போன பொறவா? கரும்பு வெட்டாத அன்னைக்கும் வலிக்குதா?"

பெரியப்பா ரொம்ப நேரம் யோசித்தார். "வெட்டாத நாளு எதும்மா? அத எப்பிடி நான் சொல்றது?"

ஆயிரக்கணக்கான பேரை வைத்துச் செய்த ஆய்வுகளில் இந்தப் பதில் எந்தக் கட்டத்தில் விழும் என்று எனக்குத் தெரியவில்லை. மருந்து வலியா வேலை வலியா என்று பிரித்துச் சொல்ல ஓய்வு நாள் ஒன்று வேண்டும். தசை பாதிக்கப்பட்டதா என்று பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, சி.கே. என்பார்கள். பாரம் தூக்கினால், மண் வெட்டினால் அதுவே ஏறிவிடும். கரும்பு வெட்டிவிட்டு மறுநாள் வந்து ரத்தம் கொடுத்தவனுக்கு அந்த எண் அதிகமாகத்தான் இருக்கும். சில நாள் கடுமையான வேலை செய்யாமல் இருந்துவிட்டுப் பார்க்க வேண்டும். அந்த நாட்களின் கூலியை யார் தருவது என்பது மருத்துவப் புத்தகத்தில் இருக்காது.

தங்கச்சிதான் இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். மாத்திரையை நிறுத்திய பெரியப்பா சும்மா இருக்கவில்லை. மருந்துக்கடையில் 'செட்டு மாத்தர' வாங்கிச் சாப்பிட்டுக் கொண்டிருந்தார். வலிக்கு டைகுளோபினாக், கூட ரெண்டு. வேலைக்குப் போகிற முன்னால் ஒன்று, வந்ததும் ஒன்று. எங்கள் பக்கம் வெட்டுக்குப் போகிறவர்கள் பாதிப்பேர் இடுப்பில் அந்தப் பொட்டலம் இருக்கும். டைகுளோபினாக் மாரடைப்பு வாய்ப்பைக் கூட்டும். ஏற்கெனவே இதயம் அடிபட்டவருக்கு அது கூடவே கூடாது. இதயத்தைக் காப்பாற்றுகிற மாத்திரையை விட்டுவிட்டு இதயத்தை அடிக்கிற மாத்திரையைக் காசு கொடுத்து வாங்கித் தின்றிருக்கிறார், மறுநாள் கூலிக்குப் போவதற்காக. (மாடுகளுக்கு இந்த மருந்தைப் போட்டு, செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன என்று 2006இல் மாட்டு வைத்தியத்தில் தடை செய்தார்கள். செத்த மாட்டைத் தூக்கச் சொன்னது நம்மை. தின்ற கழுகுக்குக் கணக்கு இருக்கிறது.)

அவரை வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அரசாங்க ஆஸ்பத்திரி. அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. "என்னா வேல பாக்குறீங்கய்யா?" என்பதுதான் முதல் கேள்வி. என்ன தின்றீங்க என்பது ரொம்பப் பின்னால் வந்தது, அதுவும் எண்ணெயைப் பற்றி. பீடியைப் பற்றி நன்றாகத் திட்டினார். செட்டு மாத்திரையைக் குப்பையில் போடச் சொன்னார். தைராய்டு பார்த்தார், சரியாக இருந்தது. ஸ்டாட்டினை ரெண்டு வாரம் நிறுத்தியே வைத்து, வேலைக்கும் போகாமல் இருந்து பார்க்கச் சொன்னார். அந்த ரெண்டு வாரத்துக்கு அண்ணன்கள் நாங்கள் மூணு பேர் காசு போட்டோம். வலி முக்கால்வாசி போனது. அப்புறம் வேலைக்குப் போகாமலே மாத்திரை மட்டும், 20 மில்லிகிராம். வலி திரும்பவில்லை. அப்புறம் வேலைக்கும் போனார். வலி வந்தது. "பாத்தீங்களா, யாரு மேல குத்தம்னு தெரிஞ்சிடுச்சு" என்று டாக்டரம்மா சிரித்தார். பெரியப்பாவும் சிரித்தார். ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு டாக்டர் முன்னால் அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

கெட்ட கொலஸ்ட்ரால் எண் 160க்கு மேலே இருந்தது 92க்கு வந்திருக்கிறது. மாரடைப்பு வந்தவருக்கு 70க்குக் கீழே இருக்க வேண்டுமாம். அளவைக் கூட்டலாம், இல்லாவிட்டால் கூட வேறொரு மாத்திரை சேர்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பெரியப்பாவுக்கு எண் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அவருக்கு ஒரு சந்தேகம் மட்டும் போகவில்லை. "ஏம்மா, இதுக்கு வேற பேரே இல்லியா?" என்று டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ரத்தத்துல மெழுகு படியுது, அதுக்கு மெழுகு மாத்திரைன்னு வெச்சிக்கலாம் என்றார். வீட்டில் இப்போது அப்படித்தான் சொல்கிறோம்.

வீடு வீடாகச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டு வருகிற 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021இல் வந்தது. எங்கள் தெருவுக்கு வருகிற பெண் என் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை தருகிறாள். சர்க்கரை இருக்கிற நாப்பது வயசு தாண்டினவர்களுக்கு ஸ்டாட்டினும் வேண்டும் என்பதுதான் இன்றைய மருத்துவம். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தும் அம்மா அதை வாங்கவில்லை. "நான் என்னா கொழுப்பெடுத்தா அலையறன்?" என்கிறாள். பெரியப்பாவை அனுப்பிப் பேசச் சொல்லியிருக்கிறேன்.

கரும்பு சீசன் முடிந்து பத்து நாள் கழித்து மறுபடியும் ரத்தம் பார்க்க வேண்டும் என்று பெரியப்பாவின் சீட்டில் எழுதியிருக்கிறது. சீட்டு பெரியம்மாவின் சுருக்குப் பையில் இருக்கிறது.